பத்தாம் வகுப்பு என்றால் விளையாட்டை நிறுத்தத்தான் வேண்டுமா? மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

கேள்வி: பெரம்பூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பெரம்பூரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பை முடிக்கப்போகிறாள். ஆறாம் வகுப்பிலிருந்தே பள்ளியின் கூடைப்பந்து அணியில் இருக்கிறாள். இவ்வாண்டு குறுவட்டப் போட்டியில் வென்று, வருவாய் மாவட்டப் போட்டி வரை சென்ற அணி அது. படிப்பில் முதல் மாணவி இல்லையென்றாலும் எந்தப் பாடத்திலும் எழுபதுக்குக் கீழே இறங்கியதில்லை.

சென்ற வாரம் நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். பத்தாம் வகுப்பு மாணவர்கள் ஜூன் முதல் விளையாட்டு, நடனம், நாடகம், தேசிய மாணவர் படை என எதிலும் சேரக்கூடாது, மாலை 5.30 வரை சிறப்பு வகுப்பு உண்டு, காலை 8.10க்குப் பிறகு வருபவர்கள் முதல் பாடவேளை முடியும்வரை வாயிலருகே நிற்க வேண்டும். இரட்டைச் சடையைக் கறுப்பு ரிப்பனால் மடித்துக் கட்டாதவர்கள் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுவார்கள். இவை எல்லாம் ஒரே தாளில், ஒரே எழுத்தளவில், ஒன்றுக்கொன்று சமமான விதிகளைப்போல அச்சிடப்பட்டிருந்தன.

என் கணவர் "ஒரு வருடம்தானே, பொறுத்துக்கொள்ளட்டும்" என்கிறார். ஹூஸ்டனில் இருக்கும் என் அண்ணனோ, அங்கே படிக்காத பிள்ளைக்குத்தான் விளையாட்டை நிறுத்துவார்கள், படிக்கும் பிள்ளைக்கு ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்கிறார். விளையாட்டையும் கலையையும் நிறுத்தினால் மதிப்பெண் உயரும் என்பதற்கு ஆதாரம் உண்டா? கடுமையான பள்ளி விதிகள் கற்றலுக்கு உதவுகின்றனவா? மற்ற நாடுகளின் அனுபவம் என்ன? ஆறுதல் வார்த்தைகளைவிட விவரங்களே எனக்கு இப்போது தேவை. கையெழுத்துப் போடாமல் அந்தத் தாளைக் கையில் வைத்திருக்கிறேன்.

பதில் 1: மேற்கு மாம்பலம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

அம்மா, உங்கள் தாளில் உள்ள விதிகளை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வகுப்பின் நேரத்தையும் கவனத்தையும் காப்பாற்றும் விதிகள் ஒரு வகை; பள்ளியின் தோற்றத்தைக் காப்பாற்றும் விதிகள் இன்னொரு வகை. வகுப்பறையில் கூச்சல் இல்லாமல், ஆசிரியர் பேசத் தொடங்கியதும் பாடம் நடக்கும் பள்ளிகளில் மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் பெறுவதைப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி நிறுவனம் பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு நடத்தும் பிசா தேர்வு தொடர்ந்து காட்டிவருகிறது. ஆனால், அந்த அமைதி ரிப்பனின் நிறத்தால் வருவதில்லை. சீருடையால் மட்டும் மதிப்பெண் உயரும் என்பதற்கு வலுவான சான்று இல்லை என்பதே இங்கிலாந்தின் எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் என்ற கல்வி அறக்கட்டளை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொன்ன முடிவு. நம் மாநிலத்தில் சீருடைக்கு வேறொரு நியாயம் இருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளையும் வசதியான வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் கூச்சமின்றி உட்கார அது வழிசெய்தது. அந்தப் பயனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

தோற்றம் பற்றிய விதிகள் அனைத்தும் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் சாதிப் பகையால் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழுவை அமைத்தது. அந்தக் குழு 2024இல் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தது. கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்து யாரோடு சேருவது, யாரை ஒதுக்குவது என்று முடிவாகும் வகுப்பில் எந்தப் பாடமும் ஏறாது. அங்கே தோற்றம் பற்றிய விதி ஒரு பிள்ளையின் உயிரையே காப்பாற்றக்கூடும். இரட்டைச் சடை விதிக்கு அப்படியொரு காரணத்தைப் பள்ளி சொல்லுமா என்று கேட்டுப் பாருங்கள்.

தாமதமாக வருபவர்களை வாயிலில் நிறுத்துவதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. பெரம்பூர், அயனாவரம் பக்கம் மெட்ரோ ரயில் பணிக்காகச் சாலைகளை மாற்றிவிட்டிருக்கும் இந்தக் காலத்தில், பேருந்தில் வரும் பிள்ளை வாரம் இரண்டு முறை பத்து நிமிடம் பிந்துவது இயல்பு. அதற்குத் தண்டனையாக நாற்பது நிமிடப் பாடத்தைப் பறித்தால், மாதம் எட்டுப் பாடவேளை போய்விடும். முதல் பாடவேளை பெரும்பாலான பள்ளிகளில் கணக்கு. பத்து நிமிட இழப்பை நாற்பது நிமிட இழப்பாக்கும் விதியை ஒழுங்கு என்று எப்படிச் சொல்வது? நான் பொறுப்பில் இருந்தபோது, பிந்தி வந்தவர்களை நேராக வகுப்புக்கு அனுப்பிவிட்டு, பள்ளி விட்ட பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து விடுபட்டதை எழுதச் சொல்வோம். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது என்று பள்ளி வாதிடலாம். அப்படியே இருந்தாலும், பதினைந்து வயதுப் பெண்ணைத் தெருவில் போவோர் பார்க்க நிறுத்துவதால் அவளுக்குப் பாடம் ஏறப்போவதில்லை.

உடற்கல்விப் பாடவேளையைக் கடன் வாங்குவது நம் ஊரில் பழைய நோய். கணக்கு, அறிவியல் ஆசிரியர்கள் அந்த நேரத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி ஸ்டாலின் மேடையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை இருந்தது என்றால், வழக்கம் எவ்வளவு வேரூன்றியிருக்கிறது என்று பாருங்கள்.

பதில் 2: திருவல்லிக்கேணிப் பெண், இப்போது சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்

சகோதரி, இங்கே நிலைமை நேர்மாறு. உயர்நிலைப் பள்ளியில் ஒவ்வொரு மாணவரும் ஏதேனும் ஓர் இணைப்பாட நடவடிக்கையில் சேர்ந்தே ஆக வேண்டும். என் மூத்த மகள் இந்திய நடனக் குழுவில் இருந்தாள். வாரத்தில் இரண்டு நாள் பள்ளி முடிந்த பிறகு பயிற்சி. சிங்கப்பூர் இளையர் விழா நெருங்கும்போது அதைவிடக் கூடுதல். பங்கேற்பு, தலைமைத்துவம், சாதனை, சேவை என்ற நான்கு தலைப்புகளில் பதிவு செய்து, உயர்நிலைப் படிப்பு முடியும்போது ஒரு நிலையை அளிப்பார்கள். மிகச் சிறந்த நிலை கிடைத்தால், தொடக்கக் கல்லூரி (நம் ஊர் மேல்நிலை வகுப்புகளைப் போன்றது), பலதுறைத் தொழிற்கல்லூரி ஆகியவற்றின் சேர்க்கையில் இரண்டு ஊக்கப் புள்ளிகள். இதைத் தவிர, விளையாட்டிலோ கலையிலோ தேர்ந்த பிள்ளையை அந்தத் திறமையின் அடிப்படையில் உயர்நிலைப் பள்ளிக்குத் தேர்ந்தெடுக்கும் நேரடிச் சேர்க்கை முறை 2004 முதல் நடப்பில் இருக்கிறது.

2022 பிசா தேர்வில் கணக்கில் சிங்கப்பூர் 575 புள்ளிகள் பெற்று முதலிடத்தில் வந்தது. பொருளாதார ஒத்துழைப்பு நிறுவன நாடுகளின் சராசரி 472. ஆகவே, மாலையில் நடனமாடியதாலோ பந்து விளையாடியதாலோ இந்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராமல் போகவில்லை என்று துணிந்து சொல்லலாம். அரையாண்டுத் தேர்வுகளையும் படிப்படியாகக் குறைத்து, 2023இல் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப் பள்ளி இரண்டிலும் முற்றிலும் நீக்கிவிட்டார்கள்.

ஆனால் இதைச் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். புள்ளி கிடைக்கும் என்றவுடன் அதற்கும் போட்டி வந்துவிட்டது. நேரடிச் சேர்க்கைக்காக ஏழு வயதிலிருந்தே தனிப் பயிற்சியாளர் வைக்கும் பெற்றோரை நான் அறிவேன். பிள்ளைக்கு அந்த விளையாட்டு பிடிக்கிறதா என்பதை அங்கே யாரும் கேட்பதில்லை. துணைப்பாட வகுப்புகளுக்கு இந்தச் சிறிய நாட்டின் குடும்பங்கள் ஓராண்டில் செலவழிப்பது 180 கோடி சிங்கப்பூர் டாலர் என்று 2023ஆம் ஆண்டின் குடும்பச் செலவினக் கணக்கெடுப்பு காட்டியது. ஆகவே 575 புள்ளிக்கு நடனம் காரணமா, டியூஷன் காரணமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நடனம் தடையாக இருக்கவில்லை என்பதுவரை நிச்சயம்.

மாலை 5.30 வரை சிறப்பு வகுப்பு என்கிறீர்களே, நடுவில் பிள்ளைகளுக்குச் சாப்பிட ஏதாவது தருகிறார்களா? மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்ட பிள்ளை ஐந்து மணிக்கு இயற்பியல் கேட்பாள் என்று எப்படி நம்புகிறார்களோ தெரியவில்லை.

பதில் 3: சோழிங்கநல்லூர்வாசி

அலுவலக வேலையாகச் சில ஆண்டுகள் ஒசாகா அருகே குடும்பத்துடன் இருந்தவன் என்ற முறையில் ஜப்பானைப் பற்றிச் சொல்கிறேன். விதிகளும் பள்ளி முடிந்த பிறகு நடக்கும் செயல்பாடுகளும், இரண்டுமே எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதை அங்கே பார்க்கலாம்.

அந்நாட்டு நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் 'புகாட்சு' எனப்படும் மன்றங்கள் உண்டு. பேஸ்பால், கெண்டோ (மூங்கில் வாள் சண்டைப் பயிற்சி), காற்றிசைக் குழு என்று எதில் சேர்ந்தாலும் அநேகமாக நாள்தோறும் பயிற்சி. சனி ஞாயிறும் விடுவதில்லை. பிள்ளைகள் களைத்துப்போவதைப் பார்த்து 2018இல் அரசு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது: வாரத்தில் இரண்டு நாளாவது ஓய்வு, வேலை நாளில் சுமார் இரண்டு மணி நேரம், விடுமுறை நாளில் மூன்று மணி நேரம். ஆசிரியர்களின் நிலை இன்னும் மோசம். அதே 2018இல் நடந்த பன்னாட்டு ஆசிரியர் கணக்கெடுப்பில், ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர் வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்வது தெரியவந்தது. பங்கேற்ற நாடுகளிலேயே அதுதான் அதிகம். அதில் ஏழரை மணி நேரம் மன்றச் செயல்பாடுகளுக்கே போய்விடுகிறது. அடுத்த நாள் பாடத்துக்கு அவர் எப்போது ஆயத்தம் செய்வார்? உங்கள் பள்ளி சிறப்பு வகுப்பை 5.30 வரை நீட்டும்போதும் இதே கேள்வி எழுகிறது.

விதிகளைப் பொறுத்தவரை, ஒசாகா மாகாணத்தில் நடந்த ஒரு வழக்கு உலகச் செய்தியானது. இயல்பிலேயே பழுப்பு முடி கொண்ட மாணவியைக் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு வரும்படி பள்ளி மீண்டும் மீண்டும் வற்புறுத்தியதில், அவர் பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிட்டார். 2017இல் வழக்குத் தொடுத்தார். 2021இல் தீர்ப்பளித்த நீதிமன்றம் அவருக்கு 3,30,000 யென் இழப்பீடு வழங்கியது. ஆனால் முடி பற்றிய அந்த விதி சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்றும் சொன்னது. மறு ஆண்டு ஏப்ரல் முதல் டோக்கியோ பெருநகர அரசின் உயர்நிலைப் பள்ளிகள் கறுப்பு முடிக் கட்டாயத்தையும் உள்ளாடை நிறம் பற்றிய விதியையும் கைவிட்டன. தலைமுடி பற்றிய விதியால் ஒரு பெண்ணுக்குக் கணக்கும் போயிற்று, மொழிப்பாடமும் போயிற்று என்பதுதான் அந்த வழக்கில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அங்கே எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. மதிய உணவுக்குப் பிறகு வகுப்பறையையும் தாழ்வாரத்தையும் மாணவர்களே பெருக்கித் துடைப்பார்கள். மருத்துவர் மகன், மீன் கடைக்காரர் மகள் என்று பார்ப்பதில்லை. முறை வந்தால் துடைப்பத்தை எடுக்க வேண்டியதுதான். இதை நம் பள்ளிகளிலும் கொண்டுவரலாமே என்று பலர் சொல்கிறார்கள். பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவச் சொன்ன செய்திகள் நம் மாநிலத்தில் இன்னும் வந்துகொண்டிருக்கும்போது, யார் கையில் துடைப்பம் போகும் என்பதை முடிவுசெய்யாமல் அந்த வழக்கத்தை இறக்குமதி செய்வது ஆபத்து.

பதில் 4: அடையாறு, புள்ளிவிவரத் துறை

மேலே உள்ள பதில்கள் பயனுள்ளவை. ஆனால் நாட்டுக்கு நாடு ஒப்பிடும்போது சற்று நிதானம் வேண்டும். பின்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 45 நிமிடப் பாடம், 15 நிமிட இடைவேளை என்ற ஏற்பாட்டை உலகமே புகழ்ந்தது. 2006இல் அந்நாடு கணக்கில் 548 புள்ளிகள் எடுத்தது, 2022இல் 484. இடைவேளை அப்படியேதான் இருக்கிறது, புள்ளிகள் இறங்கிவிட்டன. ஒரு வழக்கத்தையும் ஒரு தரவரிசையையும் பக்கத்தில் வைத்துக் காரணம் சொல்வது இப்படித்தான் காலை வாரிவிடும். நம் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: 2009 பிசாவின் தொடர்ச்சியாக நடந்த சுற்றில் தமிழ்நாடும் ஹிமாச்சலப் பிரதேசமும் பங்கேற்று, 74 பங்கேற்பாளர்களில் கடைசி வரிசையில் நின்றன. வாயிலில் நிறுத்தும் கண்டிப்புக்கும் ரிப்பன் கண்டிப்புக்கும் அப்போதும் நம்மிடம் பஞ்சமில்லை.

ஆகவே, ஒரே நாட்டுக்குள் ஒரு விதி மாறுவதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று பார்ப்பதே மேல். கைபேசித் தடை நல்ல எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் நான்கு நகரங்களில் 91 பள்ளிகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வில், தடைக்குப் பிறகு பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது. நன்றாகப் படிப்பவர்களிடம் மாற்றம் இல்லை. அதே முறையில் சுவீடனில் செய்தபோது எந்தப் பலனும் தென்படவில்லை. ஒரே விதி, இரண்டு நாடுகள், இரண்டு விடைகள்.

உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன். விளையாட்டு நேரத்தைப் பாடத்துக்கு மாற்றினால் மதிப்பெண் உயருமா? கனடாவின் கியூபெக் மாகாணத்தில், த்ருவா-ரிவியேர் என்ற ஊரில், 1970களில் இதைத் தலைகீழாகச் சோதித்துப் பார்த்தார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் கூடுதல் உடற்பயிற்சி கொடுத்தார்கள். அதற்கான நேரத்தைப் பாடங்களிலிருந்துதான் எடுத்தார்கள். மதிப்பெண் குறையவில்லை, மேல் வகுப்புகளில் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. பிறகு வந்த ஆய்வுத் தொகுப்புகளும், உடற்கல்விக்கு நேரம் ஒதுக்குவதால் படிப்பு கெடுவதில்லை என்ற முடிவுக்கே வந்தன. இவை பெரும்பாலும் சிறு பிள்ளைகளைப் பற்றியவை, பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வைப் பற்றியவை அல்ல என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். விளையாடும் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளையும் நம்பிவிடாதீர்கள். உடல்நலமும் வசதியும் ஊக்கமும் உள்ள பிள்ளைகளே அணியில் சேருகிறார்கள். அந்த மூன்றும் படிப்புக்கும் உதவுபவை.

உங்கள் அண்ணன் சொன்னது, ஹூஸ்டன் இருக்கும் டெக்சஸ் மாநிலத்தின் விதி. அது 1984இல் சட்டமானது. ஏதேனும் ஒரு பாடத்தில் 70க்குக் கீழே எடுத்தவர் போட்டிகளில் ஆட முடியாது. தொடக்கத்தில் ஆறு வாரத் தடை. 1995இல் அதை மூன்று வாரமாகக் குறைத்து, தடைக் காலத்திலும் அணியோடு பயிற்சி செய்ய அனுமதித்தார்கள். அந்தத் திருத்தம் கவனிக்கத்தக்கது. தோற்ற பிள்ளையை முழுவதுமாக வெளியே தள்ளினால், அவன் பள்ளிக்கு வருவதற்கு இருந்த ஒரே காரணமும் போய்விடும் என்ற கவலை அந்நாட்டில் பலருக்கு இருந்தது. உங்கள் பள்ளியோ தேர்ச்சி, தோல்வி எதையும் பார்க்காமல், வகுப்பின் எண்ணைப் பார்த்து நிறுத்துகிறது. எழுபது எடுப்பவளுக்கும் முப்பது எடுப்பவனுக்கும் ஒரே மருந்து.

பெரம்பூர் வாசகி

அனைவருக்கும் நன்றி. சிங்கப்பூர்ச் சகோதரி கேட்டதற்குப் பதில்: சாப்பிட ஒன்றும் தருவதில்லை, கையில் பிஸ்கட் கொடுத்தனுப்பச் சொல்கிறார்கள். இன்று காலை பள்ளியில் இறக்கிவிடும்போது கவனித்தேன். கூடைப்பந்துத் திடலின் பாதியில் இப்போதே பள்ளி வேன்கள் நிற்கின்றன. ஒரு வளையத்தின் வலை கிழிந்து தொங்குகிறது. மதிப்பெண் மட்டுமே காரணமாக இருக்காதோ என்று தோன்றுகிறது. டெக்சஸ் விதியைச் சொன்னதும் என் கணவர் முதன்முறையாக இறங்கிவந்தார். மாதத் தேர்வில் எதிலாவது எழுபதுக்குக் கீழே போனால் அந்த மாதம் போட்டி கிடையாது, பயிற்சி மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறார். மகள் உடனே ஒப்புக்கொண்டாள். எழுபத்தைந்து என்றாலும் சரி என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன். இதைத் தலைமையாசிரியையிடம் கடிதமாகக் கொடுக்கலாமா?

மேற்கு மாம்பலம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

தனியாகக் கொடுக்காதீர்கள், அம்மா. "உங்கள் பெண்ணுக்கு மட்டும் விதிவிலக்கா?" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அணியில் உள்ள மற்றப் பிள்ளைகளின் பெற்றோரையும், நடனத்திலும் மாணவர் படையிலும் உள்ளவர்களின் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு, பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் வழியாகக் கொடுங்கள். அடுத்த ஆண்டின் கால அட்டவணையை மே மாதத்தில் போட்டுவிடுவார்கள்; அதற்கு முன் கடிதம் மேசையில் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு மாணவர்கள் 17 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆடலாம் என்பதையும், குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் கல்வியாண்டின் முதல் பாதியிலேயே முடிந்துவிடும் என்பதையும் எழுதுங்கள். பொதுத் தேர்வுக்கு அதன் பிறகு மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. சடை விதியை இந்தக் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். அதைச் சேர்த்தால் பேச்சு முழுவதும் ரிப்பனைச் சுற்றியே போய்விடும். வாயிலில் நிறுத்துவதைக் கட்டாயம் சேருங்கள், பிந்தி வந்தவர்களைப் பள்ளி விட்ட பிறகு பத்து நிமிடம் இருத்திக்கொள்ளலாம் என்ற மாற்று ஏற்பாட்டுடன். உடற்கல்வி ஆசிரியரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்; அணி கலைந்தால் முதலில் வருந்துபவர் அவர்தான், ஆனால் அவரால் வாய்திறந்து சொல்ல முடியாது. அதுவரை அந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டாம்.